பங்கும் பங்கும்

எங்கள் வீட்டில் ‘பங்கு’ என்ற சொல் இரண்டு பொருளில் புழங்கியது. அம்மாவுக்கு அது கோயிலைச் சேர்ந்த சொல். பங்குத்தந்தை, பங்குப் பேரவை, பங்குத் திருவிழா என்று ஊரின் கத்தோலிக்கக் குடும்பங்களை ஒரு வேலிக்குள் வைத்திருந்த சொல். அப்பாவுக்கு அது பால் சங்கத்தில் அவர் பணம் கட்டிப் பெற்றிருந்த உரிமை. ஆண்டுக்கு ஒருமுறை பொதுக்குழுக் கூட்டத்துக்குப் போய்க் கையைத் தூக்குவதற்கான உரிமை. இரண்டும் ஒரே சொல் என்பதைச் சிறுவயதில் நான் கவனித்ததே இல்லை. அயர்லாந்தின் கூட்டுறவு இயக்கத்தில் மதத்துக்கு இருந்த இடத்தை ஆராய வந்து, டப்ளின் நகரின் பிஷப் தெருவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் பழைய சங்கங்களின் கோப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துப் படித்துக்கொண்டிருந்த நாட்களில்தான் அது எனக்கு உறைத்தது. ஆங்கிலத்தில் இவை ‘பாரிஷ்’, ‘ஷேர்’ என்று ஒன்றோடொன்று ஒட்டாத இரு சொற்கள் என்பதால் ஆய்வேட்டில் இதை எழுத வழியில்லை. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

என் கேள்வி இதுதான். கோயில் வகுத்த பங்குக்குள் பிறந்து, அதற்குள்ளேயே மணம் முடித்து, அதன் கல்லறையிலேயே புதைக்கப்பட்ட மக்கள், ஆளுக்கு ஒரு வாக்கு என்ற மற்றொரு பங்குக்கு எப்படி வந்து சேர்ந்தார்கள்? முதலாவது பங்கு இரண்டாவதற்கு எங்கே தோள் கொடுத்தது, எங்கே குறுக்கே நின்றது? அயர்லாந்தில் நூறாண்டுக்கு மேலாக இதற்கு இரண்டு ஆயத்த விடைகள் உலவுகின்றன. கத்தோலிக்கம் மக்களின் முயற்சியை மழுங்கடித்தது என்பது ஒன்று. பாதிரியார்கள் இல்லையென்றால் எந்தச் சங்கமும் எழுந்திருக்காது என்பது மற்றொன்று. கோப்புகளைப் படிக்கப் படிக்க, இரண்டுமே மனிதர்களின் குணத்தைப் பற்றிப் பேசுகின்றனவே தவிர, சங்கம் என்ற ஏற்பாடு அன்றாடம் எப்படி இயங்கியது என்பதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை என்ற எண்ணம் எனக்கு வலுப்பட்டிருக்கிறது.

லிமெரிக் மாவட்டத்தின் டிரம்கொலாகர் என்ற சிற்றூரில் 1889இல் அயர்லாந்தின் முதல் கூட்டுறவு வெண்ணெய் ஆலை தொடங்கியது. அங்கே இப்போது ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. அந்த ஆலை ஏன் அந்தக் காலத்தில் தேவைப்பட்டது என்பது புரிய, அதற்கு முன் வெண்ணெய் எப்படி உருவானது என்பது தெரிந்திருக்க வேண்டும். அயர்லாந்தின் பண்ணை வீடுகளில் பெண்கள் பாலை அகன்ற சட்டிகளில் ஊற்றி, ஆடை மேலே படியும்வரை காத்திருந்து, அதை வழித்தெடுத்துக் கடைந்து, உப்பிட்டு, மரப்பீப்பாய்களில் அடைத்தார்கள். கார்க் நகரின் வெண்ணெய்ச் சந்தை அதை உலகெங்கும் அனுப்பியது. 1878இல் ஸ்வீடன் நாட்டுப் பொறியாளர் குஸ்தாவ் டி லாவால், சுழற்சி விசையால் ஆடையைப் பிரிக்கும் எந்திரத்தை உருவாக்கினார். 1882இல் டென்மார்க்கின் யெடிங் என்ற ஊரில் விவசாயிகள் ஒன்று சேர்ந்து கூட்டுறவு ஆலை அமைத்தார்கள். சில ஆண்டுகளுக்குள் ஒரே சீரான தரமுள்ள டென்மார்க் வெண்ணெய், வீட்டுக்கு வீடு சுவை மாறிய ஐரிஷ் வெண்ணெயை இங்கிலாந்தின் கடைகளிலிருந்து தள்ளத் தொடங்கியது. ஐந்தாறு மாடுகள் வைத்திருப்பவரால் அந்த எந்திரத்தை வாங்க முடியாது. ஆக, எந்திரம் முதலாளிக்குச் சொந்தமாகும், அல்லது மாடு வைத்திருப்போர் எல்லாருக்கும் சொந்தமாகும். மூன்றாவது வழி இருக்கவில்லை.

இரண்டாவது வழியைச் சொல்லிக்கொண்டு ஊர் ஊராகப் போனவர் ஹொரஸ் பிளங்கெட். டன்சேனி பிரபுவின் மகன், புராட்டஸ்டண்ட், பிரிட்டனோடு இணைந்திருக்க வேண்டும் என்ற அரசியல் கொண்டவர், பத்தாண்டுக் காலம் அமெரிக்காவின் வயோமிங் பகுதியில் மாட்டுப் பண்ணை நடத்தித் திரும்பியவர். நிலச்சுவான்தார்களுக்கு எதிரான போராட்டத்தின் சூடு இன்னும் ஆறாத லிமெரிக்கில் இப்படிப்பட்ட ஒருவர் வந்து நின்று, ‘நீங்கள் ஒன்று சேர்ந்தால் உங்களுக்கு நல்லது’ என்று சொன்னால் யார் நம்புவார்கள்? ஒரு சங்கமாவது உருவாவதற்கு முன் ஐம்பது கூட்டங்களில் தாம் பேசியதைத் தம் நாட்குறிப்பிலிருந்து எடுத்து அவரே பின்னர் பதிவு செய்திருக்கிறார். அவருடைய வலக்கரமாக இருந்த ராபர்ட் ஆண்டர்சன் ராத்கீல் என்ற ஊரில் நடந்த ஒரு கூட்டத்தைப் பற்றிச் சொன்ன செய்தி இந்த வரலாற்றைப் படிக்கும் எல்லாரும் அறிந்தது. உள்ளூர் வழக்கறிஞர் ஒருவர் எழுந்து, ராத்கீல் தேசியவாத ஊர் என்றும், இந்த ஆலையில் எடுக்கும் ஒவ்வொரு பவுண்டு வெண்ணெயும் தேசியவாதக் கொள்கையின்படியே எடுக்கப்பட வேண்டும் என்றும், இல்லையேல் எடுக்கவே கூடாது என்றும் முழங்கினார். பலர் இதை நகைச்சுவையாக மேற்கோள் காட்டுகிறார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. மேடையில் நிற்கும் பிரபுவின் மகன் தரும் வெண்ணெய் ஆலைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்ற அச்சம், நிலத்துக்காகத் தலைமுறைகளாக அல்லற்பட்டவர்களுக்கு நியாயமான அச்சம்தான்.

அந்த அச்சம் எப்படிக் கரைந்தது? இங்கேதான் பால் கேனை அருகில் சென்று பார்க்க வேண்டும். காலையில் கழுதை வண்டியிலும் குதிரை வண்டியிலும் கேன்கள் வந்து ஆலையின் மேடைக்கு முன் வரிசையில் நிற்கும். ஒருவர் முறை வந்ததும் பாலைத் தொட்டியில் ஊற்றி எல்லார் கண்முன்னும் எடை போடுவார்கள். எடை உடனே பேரேட்டில் ஏறும். ஒரு சிறு புட்டியில் மாதிரி எடுத்து அவர் பெயருக்கு உரிய இடத்தில் வைப்பார்கள். வண்டி சுற்றிக்கொண்டு மறுபக்கம் போகும். அங்கே ஆடை நீக்கிய பாலை அதே கேனில் வாங்கிக்கொண்டு, கன்றுகளுக்கும் பன்றிகளுக்கும் ஊற்ற அவர் வீடு திரும்புவார். 1890களில் பாப்காக், கெர்பர் ஆகியோர் உருவாக்கிய கொழுப்புச் சோதனைகள் பரவிய பிறகு, புட்டியில் இருந்த பாலின் கொழுப்புக்கு ஏற்ப மாதக் கடைசியில் பணம் கணக்காயிற்று. அண்டை வீட்டுக்காரர் பாலில் தண்ணீர் கலந்தாரா என்று யாரும் யாரையும் கேட்டு மனத்தாங்கல் கொள்ள வேண்டியதில்லை. புட்டி சொல்லிவிடும். முப்பது மாடு வைத்திருக்கும் பெரிய விவசாயியின் பாலும் மூன்று மாடு வைத்திருப்பவரின் பாலும் அதே தராசில் நின்றன. பங்குகளை மாட்டின் எண்ணிக்கைக்கு ஏற்ப எடுத்தாலும் வாக்கு ஆளுக்கு ஒன்றுதான். பங்குத் தொகைக்கான வட்டி 5 விழுக்காட்டைத் தாண்டாது. இவை பிளங்கெட்டின் நற்குணத்தையோ பங்குத்தந்தையின் நற்சொல்லையோ நம்பி நிற்காத ஏற்பாடுகள்.

ஆனால் மக்கள் அந்தத் தராசுக்கு முன் வந்து நிற்பதற்கு முதலில் ஒரு கூட்டம் கூட வேண்டுமே. அதற்கு ஒரு மண்டபம் வேண்டும், நாள் குறித்து அறிவிக்க ஒருவர் வேண்டும், மேடையில் தலைமை ஏற்க எல்லாரும் ஒப்பும் ஒருவர் வேண்டும். கிராமப்புறத்தில் இவை அனைத்தும் பங்கிடம் இருந்தன. ஞாயிறு திருப்பலி முடிந்து மக்கள் கலையும் முன் அறிவித்தால் போதும். பல சங்கங்களில் பங்குத்தந்தையே முதல் தலைவராக அமர்ந்ததற்கு இதைவிடப் பெரிய காரணத்தைத் தேட வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

1894 ஏப்ரலில் இந்தச் சங்கங்களுக்கு ஒரு தலைமை அமைப்பு உருவானது. ஐரிஷ் வேளாண் அமைப்புச் சங்கம் என்று அதைச் சொல்லலாம். தலைவர் பிளங்கெட். துணைத் தலைவர் இயேசு சபைத் துறவி தாமஸ் ஃபின்லே. ஜெர்மனியில் படித்தவர், டப்ளினின் பல்கலைக்கழகக் கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்தவர். கிராம வங்கிகளை அமைக்க 1897இல் வந்து சேர்ந்தவர் ஜார்ஜ் ரஸ்ஸல், ஏ.ஈ. என்ற புனைபெயரில் கவிதை எழுதியவர், ஓவியர், துணிக்கடை ஒன்றில் கணக்கெழுதிக்கொண்டிருந்தவர், கவிஞர் யேட்ஸின் பரிந்துரையால் பிளங்கெட்டிடம் வந்தவர். அவர் பிறந்தது வடக்கே லர்கன் ஊரின் புராட்டஸ்டண்ட் குடும்பத்தில், நம்பியது பிரம்மஞானத்தை. அவருடைய டப்ளின் வட்டத்தில் இருந்த ஜேம்ஸ் கசின்ஸும் அவர் மனைவி மார்கரெட்டும் 1915இல் அன்னி பெசன்ட்டின் அழைப்பை ஏற்று அடையாறுக்கு வந்ததைத் தமிழ் வாசகர்கள் அறிந்திருக்கக்கூடும். ஒரு புராட்டஸ்டண்ட் பிரபு குடும்பத்தவர், ஓர் இயேசு சபைத் துறவி, ஒரு பிரம்மஞானி. மூவரும் ஒரே மேசையில் அமர்ந்து உரத்தின் விலையைப் பேசினார்கள். அரசியலும் மதமும் சங்கக் கூட்டத்தில் பேசப்படக்கூடாது என்பது அவர்களுடைய கண்டிப்பான விதி. மிதிவண்டியில் மேற்கு அயர்லாந்தின் ஈரச் சாலைகளில் அலைந்த ரஸ்ஸல் பிறகு 1905 முதல் 1923 வரை இயக்கத்தின் வார இதழை நடத்தினார். பசு வளர்ப்புக் குறிப்புக்குப் பக்கத்தில் ஆன்மாவைப் பற்றிய கட்டுரை வரும் அந்த இதழை எனக்கு மிகவும் பிடிக்கும்.

அந்த விதியை மீறியவர் பிளங்கெட்டே என்பதுதான் வருத்தத்துக்குரியது. 1904இல் ‘புதிய நூற்றாண்டில் அயர்லாந்து’ என்ற நூலில் அவர் கத்தோலிக்க மதத்தின் போக்கு பொருளாதார முயற்சிக்கு உகந்ததாகத் தமக்குத் தோன்றவில்லை என்றும், அதிகாரத்தைச் சார்ந்து வாழும் பழக்கம் தனிமனிதரின் ஊக்கத்தைக் குறைக்கிறது என்றும், ஏழை ஊர்களில் பெரும் பொருள் செலவில் எழும்பிய கோயில்கள் கண்ணை உறுத்துகின்றன என்றும் எழுதினார். கர்தினால் லோக் நூலைக் கண்டித்தார். ரோம் நகரின் ஐரிஷ் கல்லூரித் தலைவர் மைக்கேல் ஓரியர்டன் பெரியதொரு மறுப்பு நூலே எழுதினார்: கத்தோலிக்கரின் நிலத்தையும் கல்வியையும் தொழிலையும் சட்டம் போட்டுப் பறித்துவிட்டு, அவர்களிடம் ஊக்கம் இல்லையே என்று மதத்தைக் குறை சொல்வது என்ன நியாயம் என்பது அவருடைய வாதத்தின் சாரம். இந்த இடத்தில் நான் ஓரியர்டன் பக்கம்தான் நிற்கிறேன். ஆனாலும் என் மனத்தில் நிற்பவர் ஃபின்லே. தம் திருச்சபையைப் புண்படுத்திய நூலை எழுதியவரோடு அவர் உறவை முறித்துக்கொள்ளவில்லை. துணைத் தலைவர் பொறுப்பிலிருந்து விலகவும் இல்லை. பால் கேன்கள் வழக்கம்போல் வந்துகொண்டிருந்தன. 1914க்குள் சங்கங்களின் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியது.

உண்மையான பகை வேறிடத்திலிருந்து வந்தது. ஐரிஷ் மொழியில் வட்டியைக் குறிக்கும் சொல்லிலிருந்து ‘கோம்பீன்’ என்றொரு பெயர் பிறந்திருக்கிறது. மேற்கு அயர்லாந்தில் கடனுக்குச் சரக்குக் கொடுத்து, விளைச்சலைத் தாமே குறைந்த விலைக்கு எடுத்துக்கொள்ளும் கடைக்காரரை அது குறிக்கும். விதை, மாவு, உரம் எல்லாம் அவரிடம்தான். கடன் பேரேடும் அவரிடம்தான். என்ன எழுதியிருக்கிறது என்று கடன்பட்டவருக்குத் தெரியாது. அதே மனிதர் மதுக்கடை முதலாளி, ஊராட்சி உறுப்பினர், தேசியவாதக் கட்சியின் உள்ளூர்த் தூண், கோயில் கட்ட அதிக நன்கொடை தந்தவர். அவருடைய பிள்ளைகளில் ஒருவர் குருவானவராகவும் இருக்கலாம். தேசியவாதத் தலைவர் ஜான் டில்லன் கூட்டுறவை இறுதிவரை எதிர்த்தார். அவருடைய குடும்பத்துக்குப் பாலஹடரீனில் பெரிய கடை இருந்தது. ஆகவே பங்குத்தந்தைக்கு முன் இருந்த கேள்வி இறையியல் சார்ந்தது அல்ல: தம் பங்கில் கடன் கொடுத்தவரும் இருக்கிறார், கடன்பட்டவர்களும் இருக்கிறார்கள், இருவரும் ஒரே பீடத்தின் முன் மண்டியிடுகிறார்கள், இவர் யார் பக்கம் நிற்பது? சிலர் துணிந்து சங்கத்தின் பக்கம் நின்றார்கள். சிலர் ஒதுங்கினார்கள். கடைக்காரருக்கு உறவினராக இருந்தவர்களும் உண்டு.

டொனேகால் மாவட்டத்தின் டங்லோவில் 1906இல் இதை நேருக்கு நேர் எதிர்கொண்டவர் பாட்ரிக் கல்லகர். சிறுவயதிலேயே கூலிச் சந்தையில் நின்று பண்ணை வேலைக்குப் போனவர். பிறகு ஸ்காட்லாந்தில் உழைத்தபோது அங்கிருந்த தொழிலாளர் கூட்டுறவுக் கடை ஆதாயத்தை உறுப்பினர்களுக்கே பிரித்துத் தருவதைக் கண்டவர். ஊர் திரும்பி, உரத்தைச் சங்கமாகச் சேர்ந்து நேரடியாக வாங்கினால் விலை எவ்வளவு குறைகிறது என்று பார்த்ததுதான் தொடக்கம். இங்கும் அளவுதான் பேசியது. மூட்டையில் என்ன சத்து எவ்வளவு இருக்கிறது என்று சோதித்து உறுதி சொல்லப்பட்ட உரத்தையே வாங்கும்படி தலைமை அமைப்பு சங்கங்களுக்கு வழிகாட்டியது. அவர் தொடங்கிய டெம்பிள்குரோன் சங்கத்தின் பெயரே ஒரு பங்கின் பெயர். ‘பாடி த கோப்’ என்று மக்கள் அவரை அழைத்தார்கள். கூட்டுறவு என்ற ஆங்கிலச் சொல்லை ஊர் நாவு சுருக்கியதில் கிடைத்த பெயர் அது. சங்கம் இன்றும் இயங்குகிறது.

வெண்ணெய் ஆலையும் உரச் சங்கமும் நின்ற நாட்டில் கிராம வங்கிகள் ஏன் விழுந்தன? என் ஆய்வில் நான் அதிகக் காலம் செலவிட்டது இந்தக் கேள்விக்குத்தான். ஜெர்மனியில் ரைஃபைசன் அமைத்த மாதிரியில், கார்க் மாவட்டத்தின் டோனரயிலில் தொடங்கி, 1908 வாக்கில் 250க்கு மேற்பட்ட வங்கிகள் அயர்லாந்தில் பதிவாகியிருந்தன. ஒரு பன்றிக்குட்டி வாங்க, ஒரு கன்று வாங்கச் சில பவுண்டுகள் கடன். பவுண்டுக்கு மாதம் ஒரு பென்னி வட்டி. ஒருவர் கட்டத் தவறினால் உறுப்பினர் அனைவரும் பொறுப்பு. ஊரார் ஒருவரையொருவர் அறிவார்கள் என்பதே இதன் அடிப்படை. அதன்படி பார்த்தால், ஒருவரையொருவர் அணுக்கமாக அறிந்த பங்கைவிடப் பொருத்தமான இடம் வேறு இருக்க முடியாது. ஆனால் அந்த வங்கிகளில் உள்ளூர்ச் சேமிப்பு மிகக் குறைவு. கடன் கொடுத்த பணத்தில் பெரும்பகுதி அரசுத் துறைகளிடமிருந்தும் வெளி வங்கிகளிடமிருந்தும் வந்தது. அண்டை வீட்டுக்காரர் தவணை தவறினால் நட்டம் டப்ளினில் உள்ள ஓர் அலுவலகத்துக்கு. அதற்காக, நிலத்திலிருந்து மனிதர்களை வெளியேற்றிய கொடுமையைக் கண்ட ஊரில், ஒரு குழு உறுப்பினர் தம் அண்டை வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்பாரா? முதலாம் உலகப் போர் முடிந்த சில ஆண்டுகளில் அவை ஏறக்குறைய மறைந்தே போயின. அறிமுகம் இருந்தது, அன்பு இருந்தது, கேட்கும் துணிவு இல்லை. பங்கு தரக்கூடிய நெருக்கம் கடனைத் திரும்பக் கேட்பதற்குத் தடையாகவே நின்றது என்பது என் முடிவு.

இதே ரைஃபைசனைத் தேடிச் சென்னை மாகாண அரசும் ஃபிரடெரிக் நிக்கல்சனை ஐரோப்பாவுக்கு அனுப்பியது. 1895லும் 1897லும் வந்த அவருடைய அறிக்கை ‘ரைஃபைசனைக் கண்டுபிடியுங்கள்’ என்று முடிகிறது. 1904இல் சட்டம் வந்து, இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தின் திரூரில் மாகாணத்தின் முதல் சங்கம் பதிவானது. டோனரயிலும் திரூரும் ஒரே ஜெர்மன் கிராமத்தின் பிள்ளைகள் என்பதை நினைக்கும்போது எனக்குச் சிலிர்ப்பாக இருக்கிறது. அந்த ஒப்பீட்டைத் தனியாக எழுத வேண்டும்.

இயக்கத்தின் சாதனையைச் சொல்லும்போது, யாருக்கு அதில் பங்கு இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். உறுப்பினர் என்பவர் மாடு வைத்திருப்பவர். மாடு பெரும்பாலும் வீட்டுத் தலைவரின் பெயரில். வீட்டில் கடைந்த காலத்தில் வெண்ணெய்க் காசு பெண்களின் கைக்கு வந்தது. ஆலை வந்த பிறகு மாதக் காசோலை கணவரின் பெயருக்கு வந்தது. கை வலிக்கும் வேலை குறைந்தது உண்மை. அதோடு கையில் இருந்த காசும் போயிற்று. 1910இல் வெக்ஸ்ஃபர்டு மாவட்டத்தின் பிரீ என்ற ஊரில் அனிதா லெட் முன்னின்று ஐக்கிய ஐரிஷ் பெண்கள் அமைப்பைத் தொடங்கினார். கிராம வீடுகளின் உடல்நலம், தோட்டம், கைத்தொழில் ஆகியவற்றில் அது நிறையச் செய்தது. ஆனால் ஆலையின் வாக்குரிமை அதன் கையில் இல்லை. வயலில் கூலிக்கு உழைத்தவர்களுக்கும் ஆலையில் கொதிகலனைக் கவனித்தவர்களுக்கும் இதே நிலைதான். 1920 மே மாதம் லிமெரிக் மாவட்டத்தின் நாக்லாங்கில், கிளீவ் நிறுவனம் என்ற தனியார் முதலாளியின் ஆலையைத் தொழிலாளர்கள் கைப்பற்றிச் செங்கொடி ஏற்றி, ‘நாங்கள் எடுப்பது வெண்ணெய், இலாபம் அல்ல’ என்று பலகை வைத்தார்கள். 1922இல் இத்தகைய கைப்பற்றல்கள் மன்ஸ்டர் மாகாணத்தில் பரவியபோது, பாலை அனுப்ப மறுத்து அவற்றை முறித்ததில் விவசாயிகளுக்குப் பெரும் பங்குண்டு. பொருளாதார ஜனநாயகம் என்று நாம் ஒரே பெயரில் அழைப்பதற்குள் பால் கொண்டுவருபவரின் ஜனநாயகமும், அதைக் கடைபவரின் ஜனநாயகமும் வேறுவேறாக நின்று மோதிய தருணம் அது.

இதற்கெல்லாம் முன்னோடியாக இருந்தவர்களும் உண்டு. கார்க்கைச் சேர்ந்த வில்லியம் தாம்சன் கூட்டுறவுச் சமூகங்களுக்காகத் தம் சொத்தை எழுதி வைத்து 1833இல் இறந்தார். மதத்தை ஏற்காத அவருடைய உயிலைக் குடும்பத்தார் நீதிமன்றத்தில் பல ஆண்டுகள் எதிர்த்து வழக்காடினார்கள். கிளேர் மாவட்டத்தின் ரலஹைனில் 1831இல் நிலச்சுவான்தார் வாண்டெலர் தம் நிலத்தில் ஒரு கூட்டுப் பண்ணையை அமைக்க, மான்செஸ்டரிலிருந்து வந்த கிரெய்க் அதை வழிநடத்தினார். உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்த குழு மாலைதோறும் கூடி மறுநாள் வேலையைப் பகிர்ந்தது. அவரவர் மதம் அவரவர்க்கு என்பது விதி. இரண்டே ஆண்டுகளில் வாண்டெலர் சூதாட்டத்தில் சொத்தை இழந்து ஓடிப்போக, கடன்காரர்கள் பண்ணையை எடுத்துக்கொண்டார்கள். உறுப்பினர்களுக்கு வாக்கு இருந்தது. நிலத்தின் மேல் சட்ட உரிமை இல்லை.

1920இன் பிற்பகுதியில், அயர்லாந்தின் விடுதலைப் போரின்போது, பிரிட்டிஷ் படையினர் பழிவாங்கலாகக் கூட்டுறவு ஆலைகளைக் கொளுத்தினார்கள். ஸ்லைகோ மாவட்டத்தின் டபர்கரியும் அகோன்றியும் அவற்றில் இரண்டு. ஊரார் எல்லாருக்கும் பொதுவான சொத்து எது என்று தேடியவர்களுக்கு ஆலைதான் கண்ணில் பட்டது. பிளங்கெட்டும் ரஸ்ஸலும் இதை எதிர்த்து ஓயாமல் எழுதினார்கள். 1923 ஜனவரியில், உள்நாட்டுப் போரில், பிரிட்டனோடு செய்த உடன்படிக்கையை எதிர்த்த குடியரசுப் படையினர் ஃபாக்ஸ்ராக்கில் இருந்த பிளங்கெட்டின் வீட்டைத் தகர்த்து எரித்தார்கள். அவர் இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்து 1932இல் அங்கேயே இறந்தார். வட அயர்லாந்து பிரிட்டனோடு நிற்க, நாடு பிரிந்தபோது கூட்டுறவின் தலைமை அமைப்பும் பிரிந்து, வடக்கே 1922இல் தனியமைப்பு எழுந்தது.

பிறகு வந்த காலத்தில் பாதிரியார்கள் முன்வரிசைக்கு வந்தார்கள். ஜான் ஹேய்ஸ் 1931இல் தொடங்கிய ‘முயின்டிர் நா டீரே’, அதாவது நிலத்தின் மக்கள் என்ற இயக்கம், சில ஆண்டுகளில் பங்கையே அடிப்படை அலகாக வெளிப்படையாக ஏற்றது. திருத்தந்தையர் வெளியிட்ட சமூகச் சுற்றுமடல்களின் பார்வை அதன் பின்னால் இருந்தது. 1951இல் டொனேகாலின் கிளென்கொலம்கில் பங்குக்கு வந்த ஜேம்ஸ் மக்டையர், இளைஞர்கள் கப்பலேறிப் போவதைத் தடுக்கக் காய்கறிப் பதப்படுத்தலும் நெசவும் கூட்டுறவில் நடத்திப் பார்த்தார். நிலங்களையே ஒன்றாகச் சேர்க்கலாம் என்ற அவருடைய கனவு நிறைவேறவில்லை. 1967இல் அமைந்த நாட்டுப்புறக் குடில்கள் இன்றும் பயணிகளை ஈர்க்கின்றன. அவர்மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆனாலும் ஒரே மனிதரின் ஆற்றலில் நிற்கும் சங்கத்தில் வாக்கு என்பது நன்றி தெரிவிக்கும் செயலாகச் சுருங்கிவிடும் அபாயமும் உண்டு.

முதலாம் உலகப் போருக்குப் பின் விழுந்த கடன் சங்கம் மறுபடி எழுந்ததுதான் எனக்கு வியப்பு. கார்க் மாவட்டத்தில் பிறந்து டப்ளினில் ஆசிரியையாக இருந்த நோரா ஹெர்லிஹி, நண்பர்கள் சிலரோடு சேர்ந்து வட அமெரிக்காவின் கிரெடிட் யூனியன் முறையைப் படித்து, 1958இல் முதல் சங்கங்கள் தொடங்க வழிசெய்தார். 1960இல் அவற்றின் கூட்டமைப்பும், 1966இல் சட்டமும் வந்தன. உறுப்பினர்களை ஒன்றாகக் கட்ட அந்தச் சங்கங்களுக்கு வேண்டிய ‘பொதுப் பிணைப்பு’ பெரும்பாலும் பங்கின் எல்லையே; கூடும் இடம் பங்கு மண்டபம்; நாள் பெரும்பாலும் வார இறுதி. ரைஃபைசன் வங்கி வீழ்ந்த அதே மண்ணில் இது எப்படி நின்றது? கிரெடிட் யூனியனில் கடனாகப் போவது அண்டை வீட்டாரின் சொந்தச் சேமிப்பு. வாரம் ஐந்து ஷில்லிங் போட்டு வைத்தவர் எதிர்வீட்டில் இருக்கிறார் என்று தெரிந்தவர் தவணையை மறப்பதில்லை. மறந்தால் கேட்பதற்கும் ஒருவருக்கு உரிமை உண்டு. பங்கும் பங்கும் இப்போது உண்மையாகவே ஒன்றின் மேல் ஒன்று பொருந்தின. இன்று அயர்லாந்துத் தீவு முழுவதும் 30 லட்சத்துக்கு மேற்பட்டோர் இவற்றின் உறுப்பினர்கள்.

வங்கிகள் ஏறெடுத்துப் பார்க்காத, அடகுக்கடையை நம்பி வாழ்ந்த, வட அயர்லாந்தின் டெர்ரி நகரின் கத்தோலிக்கர்களுக்காக 1960இல் சில பவுண்டுகளோடு ஒரு கிரெடிட் யூனியனைத் தொடங்கியவர்களில், ஆசிரியராக இருந்த இளைஞர் ஜான் ஹ்யூமும் ஒருவர். பின்னாளில் அமைதிக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட அவர், தம் வாழ்வில் செய்தவற்றுள் இதையே பெருமைக்குரியதாகக் கருதுவதாகச் சொன்னார். ஆனால் வடக்கில் பங்கின் எல்லை என்பது மதத்தின் எல்லையும்கூட. கத்தோலிக்கப் பங்கில் வேர்விட்ட சங்கம், தெருவுக்கு அப்பால் வாழ்ந்த புராட்டஸ்டண்ட் தொழிலாளிக்கு நெடுங்காலம் தமக்குரிய இடமாகத் தோன்றவில்லை. யாரை நம்புவது என்று சொல்லித்தந்த வேலி, யாரைச் சேர்ப்பதில்லை என்பதையும் சொல்லித்தந்தது. இதைச் சொல்லாமல் கிரெடிட் யூனியனைப் புகழ எனக்கு மனம் வரவில்லை.

வெண்ணெய் ஆலைகளின் பாதை வேறாகப் போனது. சிறிய ஆலைகள் இணைந்து பெரிதாயின, 1974இல் உருவான கெர்ரி கூட்டுறவு 1986இல் பங்குச் சந்தைக்குப் போனது, மற்றவையும் பின்தொடர்ந்தன. பங்குக்கு மூன்றாவது பொருளும் வந்து சேர்ந்தது: விலை ஏறும்போது விற்கக்கூடிய தாள். பால் ஊற்றுவதை நிறுத்திவிட்டவர்களும் பங்கை வைத்திருந்தார்கள். பால் ஊற்றும் இளம் விவசாயிகளுக்குப் பங்கு எட்டாத விலைக்குப் போனது. 2024 டிசம்பரில் கெர்ரி கூட்டுறவின் உறுப்பினர்கள், தாங்கள் உருவாக்கிய நிறுவனத்திடமிருந்தே பால் தொழிலைத் திரும்ப வாங்குவதற்குப் பெரும்பான்மையாக வாக்களித்தார்கள். அந்தச் செய்தியை நான் காப்பகத்துக்குப் போகும் பேருந்தில் படித்தேன். அன்று முழுவதும் பழைய கோப்புகளில் மனம் செல்லவில்லை.

இப்போது நான் செய்துகொண்டிருப்பது உறுப்பினர் பதிவேடுகளில் பெண்களின் பெயர்களைத் தேடுவது. கணவரை இழந்து, தாமே நிலத்தையும் மாடுகளையும் நடத்திய பெண்கள் உறுப்பினராக முடிந்தது. வீட்டுத் தலைவர் என்ற இடம் அவர்களுக்கு வந்திருந்ததால். நூறு பெயர்களுக்கு நடுவே ஒரு பிரிஜிட், ஒரு ஹானோரா. பெயருக்கு எதிரே மாடுகளின் எண்ணிக்கை, கட்டிய தொகை, கையெழுத்து அல்லது சிலுவைக் குறி. அவர் ஆண்டுக் கூட்டத்துக்கு வந்தாரா, வந்து கையைத் தூக்கினாரா என்பதை நடவடிக்கைக் குறிப்புகளோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். லிமெரிக் முடிந்தது. அடுத்த வாரம் டிப்பரரி கோப்புகளைக் கேட்டிருக்கிறேன்.